பதினொன்றாவது கத்தல்

நடுவரின் நோட்டில் கழுதைகளின் கால்பந்துக் குழுவுக்கு நேராகப் பத்து சிவப்பு அட்டைகள் ஏறியிருந்தன. பத்துக்கும் ஒரே காரணம்: நடுவரிடம் கத்தியது. இன்னும் ஒன்று விழுந்தால் குழுவையே போட்டித் தொடரிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

அதனால் கேப்டன் கழுதை அன்று எல்லோர் வாயிலும் புல்லைத் திணித்துவிட்டுத்தான் மைதானத்தில் இறங்கியது. நடுவர் ஆந்தை. பகலில் அதற்குக் கண் தெரியாது. காது மட்டும் படு கூர்மை.

ஆட்டம் முடியும் நேரத்தில் எதிரணிக் குதிரை ஒன்று, கழுதைகளின் கோல்கீப்பரை முட்டியில் உதைத்துத் தள்ளிவிட்டுப் பந்தை உள்ளே அடித்தது. கோல்கீப்பர் புல்லைக் கடித்தபடி சத்தமில்லாமல் சுருண்டது.

பந்து வலையில் மோதிய சத்தம் கேட்டு, "கோல்!" என்று ஆந்தை விசில் ஊதியது.

"என்ன கேப்டன், இன்றைக்குப் பாட்டு இல்லையா?" என்றது குதிரை.

கேப்டன் வாயிலிருந்த புல்லைத் துப்பியது. "ஐயா, அவன் உதைத்தான்!" மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தது. கழுதைக்கு ஏது மெதுவான குரல்? மைதானமே அதிர்ந்தது.

"கத்தல், பதினொன்று" என்று ஆந்தை நோட்டை விரித்தது.

"தாராளமாக எழுதுங்கள். பக்கத்திலேயே அந்த உதையையும் எழுதுங்கள்."

"உதைக்கு இதில் கட்டம் கிடையாதப்பா."

"பத்துக் கத்தலுக்கு முன்னாலும் பத்து உதை இருந்தது ஐயா. கட்டம் போடுங்கள். அதுவரை நான் இங்கேதான் நிற்பேன்."

கேப்டன் நான்கு கால்களையும் ஊன்றி நின்றது. அதன் பின்னால் ஒவ்வொரு கழுதையாகப் புல்லைத் துப்பியது. அந்தச் சத்தம் ஆந்தையின் காதில் நன்றாகவே விழுந்தது.