கதவைப் பூட்டினியா?

முன்வரிசையில் முக்கால்வாசிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பின்னால், நீல மழைக்கோட்டைக் கழற்றாமல் சுவரோரம் நின்ற பெண்மணி மட்டும் அழவில்லை.

அவளைப் பார்த்ததுமே பிரையனிக்குப் பாட்டு ஓடவில்லை. சரணத்தில் ஒரு வரியை அப்படியே விழுங்கிவிட்டாள். துக்கம் தொண்டையை அடைத்துவிட்டது, பாவம் என்று கூட்டம் கைதட்டியது.

ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில், துறைமுகத்துக்குப் பின்தெருவில் ஒரு பப்பின் மாடி. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பிரையனியின் இசைக்குழுவுடைய புது இசைத்தட்டு வெளியீடு. பிரையனி பாஞ்சோ வாசித்துப் பாடுவாள், ஃப்ரேயா வயலின், லாக்லன் டிரம்ஸ். செம்மறியாட்டு ரோமம் கத்தரிக்கிறவர்களின் பழைய மெட்டு ஒன்றை எடுத்து, ராக் டிரம்ஸையும் நடன விடுதிகளில் அதிரும் கணினித் தாளத்தையும் அதில் கலந்திருந்தார்கள். நடுவில் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். பிரையனியின் செல்போனில் அவள் அம்மா பதிவு செய்து வைத்த குரல் மட்டும் ஒலிக்கும்.

"பிரையனி, கதவைப் பூட்டினியா? அடுப்பை அணைச்சியா? வீடு போய்ச் சேந்ததும் ஒரு வார்த்தை பேசு."

முதன்முதலாக அந்தப் பாட்டை வானொலியில் போட்ட அன்று, "உங்கம்மா இப்ப..." என்று அறிவிப்பாளர் தயங்கி இழுத்தார். பிரையனி தலையைக் குனிந்துகொண்டாள். அவர் மன்னிப்புக் கேட்டு, அதற்குமேல் துருவாமல் பாட்டை இன்னொரு முறை போட்டார்.

அதோடு பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. போகிற ஊரிலெல்லாம் தாயைப் பறிகொடுத்தவர்கள் வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர்கள் பிடிக்குள் நிற்கும்போது அவளுக்கு உடம்பெல்லாம் கூசும்.

"அந்தக் குரலை எடுத்துடலாம்டா," என்று லாக்லனிடம் சொல்லிப் பார்த்தாள். "அசிங்கமா இருக்கு. அம்மாவை வித்துப் பொழைக்கிற மாதிரி."

"லூசா நீ? அத எடுத்துட்டா மிச்சம் என்னடி இருக்கு, உன் பாஞ்சோவா?" என்றான் லாக்லன். மறுவாரமே அந்த வரிகளை டி-சர்ட்டில் அச்சடித்துக்கொண்டு வந்துவிட்டான்.

இப்போது அந்த டி-சர்ட் மேசையின் முன்னால்தான் நீலக் கோட்டுக்காரி நின்றாள். பாஞ்சோவைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்த பிரையனியின் கை நின்றது.

"எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க?" என்று கேட்டான் லாக்லன்.

அந்தப் பெண்மணி கழுத்தைத் தொட்டுக் காட்டி, கிசுகிசுப்பாகச் சொன்னாள். "பர்னி. தொண்டை கட்டியிருக்குப்பா."

"பர்னியா? அவ்ளோ தூரத்துலேர்ந்தா வந்தீங்க? அது இவ ஊராச்சே. அப்ப இவங்கம்மாவைத் தெரிஞ்சிருக்குமே?"

"தெரியும்."

"எப்படிப்பட்டவங்க?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நச்சரிப்புதான். பொண்ணை அஞ்சு நிமிஷம் நிம்மதியா விடமாட்டா. இத்தன பேர் அழற அளவுக்கெல்லாம் ஒண்ணுமில்ல."

லாக்லன் சிரித்தான். பிரையனி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் ஓர் இளம்பெண் இடையில் புகுந்து பிரையனியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கம்மா போன குளிர்காலத்துல போயிட்டாங்க. வீட்டைவிட்டே வெளிய வராம கெடந்தேன். உங்க பாட்டைக் கேட்டுத்தான் எழுந்து குளிச்சேன், சாப்பிட்டேன். உங்களுக்கும் இப்படித்தானேன்னு நெனச்சுக்குவேன்." மேலே பேச முடியாமல் தேம்பினாள்.

நீலக் கோட்டுக்காரி தன் கைக்குட்டையை எடுத்து அவளிடம் நீட்டினாள். முதுகைத் தடவிக்கொடுத்து, ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார வைத்தாள். லாக்லன் அவளுக்குத் தண்ணீர் எடுத்துவரப் போனான்.

பிரையனி மேசையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பெண்மணி பக்கத்தில் வந்தாள். காது மடல்வரை சிவந்திருந்தது. நிமிர்ந்து முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இப்பவே மேடையேறி எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

"வேணாம். இந்தப் பொண்ணு தாங்காது."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

அந்தப் பெண்மணி பிரையனியின் சட்டைக் காலர் மடங்கியிருந்ததை நீவிச் சரிசெய்தாள். பிறகு யாராவது பார்க்கிறார்களா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, அவள் காதருகே குனிந்தாள்.

"நான் எப்படிச் செத்தேன்னு சொல்லி வெச்சிருக்கே? யாராவது கேட்டா நானும் அதையே சொல்லணும்ல."