ஒரு சொட்டு

ஓப்பநாயக்கவில் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் அருளம்பலம் வீட்டுக்குப் பின்னாலுள்ள தகரக் கக்கூசுக்குள் நிற்கிறார். கூரையில் காலை மழை கொட்டுகிறது. மூத்திரப் பைக்கு அடியில் புற்றுநோய் சிறிதாகத்தான் இருக்கிறது, தொடக்கத்திலேயே பிடித்துவிட்டோம் என்று சொல்லி, கொழும்பில் டாக்டர்கள் அவர் உடம்புக்குள் ரேடியம் ஊசிகளைச் செருகி, ஐந்து நாள் அசையவிடாமல் கிடத்தி, பிறகு உருவியெடுத்து அனுப்பிப் பத்து நாளாகிறது. நேற்றுப் பகலிலிருந்து ஒரு சொட்டும் இறங்கவில்லை. அடிவயிறு கல்லாய்க் கனக்கிறது. முக்குகிறார். கதவுக்குக் கீழே, குடையோடு காத்து நிற்கும் மனைவி சின்னத்தங்கத்தின் பாதங்கள் சேற்றில் ஊன்றியிருப்பது தெரிகிறது. "இஞ்சாருங்கோ, போச்சுதோ?" இல்லை என்று சொன்னால் மறுபடியும் கொழும்பு, அந்தக் கட்டில், விரித்துக் கட்டிய கால்கள். அவர் செம்புத் தண்ணீரை மெல்லச் சரித்து ஊற்றுகிறார். மழையையும் மீறி அந்தச் சத்தம் கேட்கிறது. "ஓம், போச்சுது." வெளியே அவள் விம்முகிறாள். "பிள்ளையாரே! அப்ப ஊசி வேலை செய்யுது, என்ன? இனிப் பயமில்லை." அவள் வீட்டுக்குள் ஓடுகிறாள், கற்பூரம் கொளுத்தத்தான். அருளம்பலம் குளிர்ந்த தகரத்தில் நெற்றியைச் சாய்த்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார்.