எழுபத்து மூன்றாவது விண்ணப்பம்

அம்மா போன பிறகு, உத்திரமேரூர் பக்கத்திலிருந்த எங்கள் கிராமத்தில் என்னை விசாரிக்கும் ஒரே ஜீவன் வேதகிரி. புதிதாகத் திறந்த சின்னத் தபாலாபீஸின் ஒற்றை ஊழியர்.

"எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிட்டு சும்மா குந்திக்கினு கீறீங்களே, சார்! நாக்பூர் ரயில்வேக்குப் போட்டீங்களா?"

"எனக்கு இந்தி தெரியாதே."

"அது அவங்களுக்குத் தெரியாதில்ல? போடுங்க!"

போட்டேன். காலையில் மில்களுக்கு, மாலையில் சர்க்காருக்கு என்று திட்டம் வைத்துப் போட்டேன். மறுப்புகள் மட்டும் ஒழுங்காக வந்தன. ஒவ்வொன்றையும் கல்யாணப் பத்திரிகை மாதிரி நீட்டுவார்.

எழுபத்து மூன்றாவது விண்ணப்பத்துக்குச் சென்னையிலிருந்து வேலை உத்தரவே வந்துவிட்டது. வேதகிரியின் முகம் வாடியது.

"என்னய்யா, சந்தோஷமில்லையா?"

"கீது சார். ஆனா தபால் கொறஞ்சா இந்த ஆபீசை மூடிடுவாங்க. தெனம் லெட்டர் போடறது ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்."

ஆக, வெட்டிப் பயல் என்று ஊர் சொன்ன நான்தான் ஒருவரை வேலையில் வைத்திருந்திருக்கிறேன்!

சென்னைக்குப் போயும் தினம் ஒரு கார்டு எழுதினேன். ஊரில் எனக்கு வேறு யாருமில்லாததால், வேதகிரிக்கே.

ஒரு வருஷம் கழித்து அவரிடமிருந்து கார்டு வந்தது:

"ஆபீசு பர்மனென்ட் ஆயிடுச்சி சார். இனிமே நீங்க எழுத வேணாம். ஆனாலும் எழுதுங்க."