வீட்டுக்குள் பெய்த மழை

"முதல்ல அந்த மழையை நிறுத்துண்ணா. மத்த ஆசையெல்லாம் அப்புறம்."

அண்ணன் பெட்டியை மூடுவதை விட்டுவிட்டுத் திரும்பினான். வீடியோ கேம் தயாரிக்கிற கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்து, நாளைக் காலையில் வெளியூர் கிளம்புகிறான். பரணிலிருந்து இறக்கிய பழைய கம்ப்யூட்டர் மேஜைமேல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. திரையில், பன்னிரண்டு வயதில் அவன் தங்கைக்காகச் செய்த விளையாட்டு ராஜ்ஜியம். அப்போது அவளுக்கு ஆறு. இப்போது பதினாறு ஆகியும் வீட்டில் அவள் பெயர் வாண்டுதான்.

"புதுசா பண்ணித் தரேன்னு வாய் விட்டுட்டேன். சொல்லு, எழுதிக்கறேன்."

"பின்பக்கமா நடக்குமே ஒரு குதிரை, அதுல கை வெக்காதே."

"அது தப்பு வாண்டு. படத்தைத் திருப்பிப் போட்டுட்டேன்."

"இருந்துட்டுப் போகட்டும். எனக்குக் குதிரைன்னா அப்படித்தான் நடக்கும். தவளையைப் பார்த்து நடுங்கற டிராகன் வேணும். இடது கால் செருப்பு மட்டும் விக்கிற கடைக்காரர் வேணும். ஆனா ஊர்க்காரங்களுக்கு ஞாபகசக்தி குடு. உயிரைக் குடுத்துக் காப்பாத்திட்டு வந்தா, 'யாரம்மா நீ?'ன்னு கேக்கறாங்க! அப்புறம் ஆத்துக்கு அந்தப் பக்கக் கோட்டைக்கு ஒரு பாலம். ரெண்டு வருஷம் கரையில நின்னு நின்னு என் கால் தேஞ்சு போச்சு."

"எனக்கு அப்போ பாலம் கட்டத் தெரியாது."

"மழை மட்டும் நல்லாத் தெரிஞ்சுதாக்கும்! வீட்டுக்குள்ள பெய்யுது, குகைக்குள்ள பெய்யுது, ஒரு தடவை ஏரிக்கு அடியில பெஞ்சுது. கூடவே காது கிழியற மாதிரி இடி. ஹெட்போனையும் கழட்ட விட மாட்டே."

"அது ஹெட்போன் இல்ல, கிரீடம். கிரீடம் இல்லாம ராஜ்ஜியத்துக்குள்ள யாருக்கும் அனுமதி கிடையாது."

வாண்டு சிரித்துவிட்டாள். அப்படித்தான் சொல்லி மாட்டிவிடுவான். ஆனால் தான் ஆட மாட்டான். கீபோர்டின் ஓரத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, காவல்காரன் மாதிரி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான்.

"எப்படா இவ எழுந்திருப்பா, நாம ஆடலாம்னு விரலை வெச்சுக்கிட்டே காத்திருப்பியே, பேராசை பிடிச்சவனே!"

"ஆமா, ஆமா," என்றான் அண்ணன்.

சிரிப்பு அடங்கியபோது அவள் பார்வை கட்டில்மேல் இருந்த தன்னுடைய பையில் விழுந்தது. ஐந்து மணிக்கு அப்பா வருகிறார். இனிமேல் அவருடைய வீட்டில்தான் இருக்கப் போகிறாள்.

"அண்ணா... பயமா இருக்கு."

"எதுக்கு?"

"நீயும் போயிடறே. நீ இல்லாம இங்க என்ன பண்றதுன்னுதான் அப்பாகிட்ட சரின்னு சொன்னேன். இப்போ போகட்டுமா, வேணாமா? நீயே சொல்லிடேன்."

"அதைப் பத்தி உன்கிட்ட வாயே திறக்கக் கூடாதுன்னு அம்மா என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க."

"பார்த்தியா? போகாதேன்னு அவங்க வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வரல. என் துணியை மடிச்சுக் குடுத்துட்டு, சமையலறையில போய் நிக்கறாங்க." அவள் நகத்தைக் கடித்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். "எட்டு வருஷமா யோசிக்கறேன், புரியவே இல்லை. இந்த வீட்டுல ஒரு நாள்கூட சண்டை நடந்ததில்லை. அப்பா குரலை உசத்தி நான் கேட்டதே இல்லை. அப்படிப்பட்டவரை அம்மா எதுக்கு வெளியில அனுப்பினாங்க?"

அண்ணன் மெதுவாக வந்து கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து ஏதோ தட்டினான். ராஜ்ஜியம் மறைந்து, அதை எழுதிய வரிகள் திரை முழுக்க வந்து நின்றன.

"மழையை நீயே எடுத்துடு. கீழ போய்ட்டே இரு, 'மழை'ன்னு தலைப்புப் போட்டிருக்கும். அந்த நாலு வரியை அழிச்சா போதும். நான் பெட்டி கட்டக் கயிறு எடுத்துட்டு வரேன்."

அவன் போய்விட்டான். வாண்டு தேடினாள். கிடைத்தது. பள்ளியில் கற்றுக்கொண்டதை வைத்து விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள்.

மழை தானாக வரவில்லை! கீபோர்டின் மேல் வரிசைக் கடைசிப் பட்டனை யாராவது அழுத்தினால்தான் வரும். அண்ணனின் விரல் எப்போதும் உட்கார்ந்திருந்த இடம்.

'திருட்டுப் பயலே, நீதான் பெய்ய வெச்சியா! வா, இருக்கு உனக்கு' என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே வரிகளை அழிக்கப் போனாள். அப்போதுதான் அதற்குக் கீழே, பன்னிரண்டு வயதுப் பையன் தன் ஞாபகத்துக்காக எழுதி வைத்திருந்த குறிப்பு கண்ணில் பட்டது.

'அப்பா அம்மாவை அடிக்க ஆரமிச்சா உடனே இதை அமுக்கணும். சத்தம் ஃபுல்லா வெக்கணும். பாப்பாவுக்குக் கேக்கவே கூடாது.'

வாசலில் அப்பாவின் கார் ஹாரன் அடித்தது. வாண்டு கிரீடத்தை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு, ராஜ்ஜியத்தைத் திறந்து, அந்தக் கடைசிப் பட்டனை அழுத்தினாள்.