அம்மா வந்திருக்காங்க

அடி அண்ணாமலையின் தெரு மதிய வெயிலில் வெறிச்சோடிக் கிடக்கிறது. டென்மார்க்கிலிருந்து பால்வாடிக்குத் தொண்டு செய்ய வந்த இங்கிரிட், ஆயா உண்ணாமலையின் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பால்வாடிக்கு வரும் சிறுமி வேதாவின் வீட்டைத் தேடி நடக்கிறாள். ஒரு வாரமாக வேதா பால் குடிக்க வரவில்லை. வீட்டு நிலையில் வேப்பிலைக் கொத்துகள் செருகப்பட்டிருக்கின்றன. ஏதோ பண்டிகை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறாள். வாசலில் தெளித்த மஞ்சள் தண்ணீர் இன்னும் காயவில்லை. உள்ளே தாளிக்கும் வாசனை இல்லை, பேச்சுக் குரலும் இல்லை. வேதாவின் அத்தை ராஜம்மாள் வெளியே வந்து, தணிந்த குரலில், "வேதா வராதும்மா, அம்மா வந்திருக்காங்க" என்கிறாள்.

இங்கிரிட்டின் முகம் மலர்கிறது. பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குப் போன தாயைக் கேட்டு வேதா அழாத நாளில்லை. "அம்மா வந்தாச்சா! ரொம்ப சந்தோஷம். நான் அம்மாவப் பாக்கணும்." ராஜம்மாளின் கண் இடுப்பிலிருக்கும் குழந்தையிடம் போகிறது. "கைல பச்சப்புள்ள…" என்று இழுக்கிறாள். "பரவால்ல" என்கிறாள் இங்கிரிட், நேற்றுக் கற்ற சொல்லில். ராஜம்மாள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். "அம்மாவே கூப்புட்டுட்டா. மறிக்கறதுக்கு நான் யாரு?" என்று விலகி நிற்கிறாள். இங்கிரிட் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிகிறாள். குழந்தை எட்டிப் பிடித்த வேப்பிலைக் கொத்து நிலையிலிருந்து கையோடு வந்துவிடுகிறது. உள்ளே இருட்டில், வாழையிலை சரசரக்க, "அம்மா… அம்மா…" என்று வேதா முனகுகிறாள். அந்தத் தாய் பதில் சொல்லட்டும் என்று இங்கிரிட் சிரித்த முகத்தோடு காத்து நிற்கிறாள்.