குடும்பத்தில் ஒருத்தி

“நன்றி கெட்ட சனம் எண்டு நாளைக்கு இத்தாலிக்காரர் எங்களைச் சொல்லப்போறாங்கள். ஆராலை? உம்மாலை!”

ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலுக்கு வந்த சூசையம்மாவை எமிலியானுஸ் மறித்துக்கொண்டார். பலேர்மோவில் இருக்கிற தமிழ்க் கத்தோலிக்கர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டும் ரையும் இல்லாமல் அவரைக் கண்டவர்கள் இல்லை.

“ஏன் அண்ணை, என்ன நடந்தது?”

“என்ன நடந்ததோ? உம்மடை வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா, நேற்றுப் போனிலை அழுதவ. ஏழு வருசம் வேலை செய்த வீட்டை ஒரு சொல்லிலை விட்டிட்டு வந்திட்டீராம். அங்கை உம்மைச் சேர்த்துவிட்டது நான். இனி என்ரை முகத்தை எங்கை கொண்டுபோய் வைக்கிறது?”

ஆட்கள் கூடிவிட்டார்கள். பூசையில் தூங்கி வழிந்த முகங்களெல்லாம் இப்போது நன்றாக விழித்திருந்தன.

“இப்ப எங்கை வேலை?” பக்கத்து வீட்டுச் சறோஜா கேட்டாள்.

“வுச்சீரியாச் சந்தையிலை மீன் விக்கிற பெப்பே வீட்டிலை. அவரின்ரை தாய் படுக்கையிலை. அவவைப் பாக்கிறன்.”

“கேட்டீங்களோ!” எமிலியானுஸ் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “சிஞ்ஞோரா ஆர்? பல்கலைக்கழகத்திலை சட்டம் படிப்பிக்கிற மனுசி. மாஃபியாவுக்கு எதிராய் மேடை மேடையாய்ப் பேசுறவ. நீதவான்களைக் குண்டு வைச்சுக் கொன்ற வருசத்திலையிருந்து பல்கணியிலை வெள்ளைத் துணி தொங்கவிட்டு, ‘சட்டமே வெல்லும்’ எண்டு எழுதி வைச்சிருக்கிறா. இவவை வேலைக்காரி எண்டு ஒரு நாளாவது சொல்லியிருப்பாவோ? ‘என்ரை மகள்’ எண்டுதான் சொல்லுவா. நத்தாருக்குத் தங்கடை மேசையிலை இருத்திச் சாப்பாடு குடுத்தவ! அதை விட்டிட்டு, வாயைத் திறந்தால் தூசணம் கொட்டுற மீன்காரனட்டைப் போய்…”

“நானெண்டால் அந்தச் சிஞ்ஞோராவின்ரை காலைக் கழுவிக் குடிச்சிருப்பன்” என்றாள் சறோஜா.

“அந்தத் துணியை வருசா வருசம் தோய்ச்சு அயன் பண்ணினது நான்தான் அண்ணை” என்றாள் சூசையம்மா.

யாரோ சிரித்தார்கள். எமிலியானுஸ் திரும்பிப் பார்க்க, சிரிப்பு நின்றது. சூசையம்மா தொடர்ந்தாள்:

“என்ரை மகள் றம்யா இன்னும் மடு அகதி முகாமிலை என்ரை தங்கச்சியோடை கிடக்கிறாள். அவளை இஞ்சை கூப்பிடவேணும். இந்தப் புது நிரந்தர அட்டை, கார்த்தா எண்டு சொல்லுறாங்களே, அதுவும் எடுக்கவேணும். அது கிடைச்சால் தங்குற அனுமதி, அந்தப் பெர்மெசோ, புதுப்பிக்க எண்டு விடியப்புறம் போய் வரிசையிலை நிக்கத் தேவையில்லை. பிறகு பிரஜாவுரிமைக்கும் போடலாம். எல்லாத்துக்கும் அரசாங்கத்திலை பதிஞ்ச வேலை வேணுமாம். குவெஸ்தூராவிலை பொலிஸ்காரன் கேக்கிறான், ‘ஏழு வருசமாய் வேலை தேடுறன் எண்டுதானே புதுப்பிச்சிருக்கிறாய், அப்ப இவ்வளவு காலமும் காத்தையோ குடிச்சனீ?’ எண்டு.”

“சிஞ்ஞோராட்டைக் கேட்டிருக்கலாமே?” என்றாள் சறோஜா.

“கேட்டனான். கட்டிப்பிடிச்சு அழுதா. ‘நீ எங்கடை குடும்பத்திலை ஒருத்தி. பெத்த மகளை ஆராவது வேலைக்காரி எண்டு பதிவினமோ? நீ இப்பிடிக் கேட்டது என்ரை நெஞ்சைக் கிழிச்சுப்போட்டுது’ எண்டா. நான் மன்னிப்புக் கேட்டிட்டு, போய் மிச்சப் பாத்திரத்தைக் கழுவினன்.”

“மீன்காரன் பதிஞ்சவனோ?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

“முதல் நாளே. ‘உன்னைக் கடதாசி இல்லாமல் வைச்சிருந்து நான் தண்டம் கட்டவோ? நட!’ எண்டு கத்தி, மனுசன் மீன் நாத்தத்தோடையே இழுத்துக்கொண்டு போய்ப் பதிஞ்சுபோட்டுது. போற வழியெல்லாம் தூசணம்தான். எனக்குப் பாதி, அரசாங்கத்துக்குப் பாதி.”

கூட்டம் கொஞ்சம் இளகுவதுபோல இருந்தது. எமிலியானுஸ் கையை உயர்த்தினார்.

“கடதாசி, கடதாசி! பாஸ்போட்டுக்குப் பின்னாலை ஓடி ஓடி எங்கடை சனத்துக்கு மனுசத்தன்மையே போச்சு. அந்த மனுசியின்ரை பாசத்தை உம்மடை கடதாசி தருமோ? கொஞ்சம் பொறுத்திருந்தால் ஆண்டவர் ஒரு வழி காட்டியிருப்பார். பிள்ளை எங்கை ஓடியே போகப்போகுது? அங்கைதானே இருக்கும்!”

“அவர் சொல்லுறதும் சரிதான்.” சறோஜா தலையாட்டினாள். இன்னும் நாலு பேர் ஆட்டினார்கள்.

சூசையம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். பாவம், தான் செய்தது பிழையோ என்று அவளுக்கு உண்மையாகவே பட்டுவிட்டது.

“உங்களுக்கு அவமானம் வரவேணும் எண்டு செய்யேல்லை அண்ணை. சிஞ்ஞோரா இப்ப தனிச்சுப்போனா. நல்ல பிள்ளை ஒண்டு தேடுறாவாம். உங்கடை மகள் சுஜானி வேலையில்லாமல் வீட்டிலைதானே நிக்கிறா? நாளைக்குக் காலமை நானே கூட்டிக்கொண்டு போய் விடுறன். அவவுக்கும் ஆறுதல், உங்கடை முகமும் தப்பும்.”

“அது நல்ல யோசனை!” என்றது கூட்டம்.

எமிலியானுஸ் ரையைக் கொஞ்சம் தளர்த்தினார். எல்லாரையும் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். பிறகு சூசையம்மாவைத் தூணுக்கு அந்தப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போய், பல்லைக் கடித்தபடி சொன்னார்:

“உமக்கென்ன விசரே? சுஜானிக்கும் கார்த்தா எடுக்கவேணும். அந்த மனுசி செத்தாலும் ஒருத்தரையும் பதியாது எண்டு உம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கேக்கையே எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு என்ரை பிள்ளையை அங்கை விடச் சொல்லுறீரோ?”