கார்ப்பெட்டுக்கு அடியில்

"முதல் ரேஸ் காருன்னா, உடைஞ்சா அழாத விலைக்கு வாங்கணும் தம்பி. கையில எவ்வளவு?"

"எட்டாயிரம் வெள்ளிண்ணே."

"அப்ப காருக்கு நாலாயிரம். டயருக்கும் பிரேக்குக்கும் மூணு. மிச்சம் ஆயிரம், உடைஞ்சத லோரியில ஏத்திட்டு வர்றதுக்கு லா."

மாரிஸ் சொன்னால் கண்ணப்பனுக்கு மறுபேச்சே கிடையாது. மலேசியாவின் பத்து தீகா கார்ப் பந்தயத் தடத்தில் அடுத்தவன் ஓட்டுவதை மூன்று வருடமாக வேலிக்கு வெளியே நின்று பார்த்து, ஏங்கி, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அது. அதை ஏமாறாமல் செலவு செய்ய மாரிஸை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

மாரிஸ் சுங்கை வேயில் பட்டறை வைத்திருப்பவர். வெல்டிங்கில் கில்லாடி. பிரிக்பீல்ட்ஸில் கண்ணப்பன் வீட்டு இரும்புக் கதவுகூட அவர் கைவண்ணம்தான். எந்த வேலையை முடித்தாலும் ஓரத்தில் வெல்டிங்கிலேயே சின்னதாக ஒரு சிலுவை போடுவார். "இனிமே ஆண்டவர் பாத்துக்குவாரு" என்பார். தன் வீட்டுக் கதவில் அதைப் பார்த்துக் கண்ணப்பனின் அம்மா காமாட்சி முதலில் முகத்தைச் சுளித்தாள். பிறகு, எந்தச் சாமியானால் என்ன என்று தினமும் விளக்கேற்றும்போது அதற்கும் ஒரு பொட்டுக் குங்குமம் வைத்துவிடுவாள்.

சுபாங் ஜெயாவில் அந்தக் கார் நின்றது. பழைய நீல நிறக் கொரோலா. விற்பவர் சின்னையா, பள்ளிக்கூட வாத்தியார்.

"எழுபத்தொம்பதுல செகண்ட் ஹேண்டா வாங்கினதுங்க. பத்து வருஷம் ஆச்சு. என் பொண்ணுங்க ரெண்டும் இதுலதான் ஸ்கூல் போனாங்க. ஒரு நாள் நடுரோட்டுல நின்னதில்ல. மூவாயிரத்து எண்ணூறு கொடுங்க."

இன்ஜின் தேன் மாதிரி ஓடியது. கண்ணப்பன் மனதுக்குள் அப்போதே தடத்தில் இரண்டு சுற்று வந்துவிட்டான்.

"இருங்க, அடியில பாக்காம சொல்ல முடியாது" என்று மாரிஸ் முன் சீட்டைக் கழற்றினார். கார்ப்பெட்டை உரித்துத் தகட்டைத் தட்டிப் பார்த்தார். முகம் மாறியது. கத்தியை எடுத்துப் பெயிண்டைச் சுரண்டினார்.

"வேணாம் தம்பி. இது ஒரு காரே இல்ல. அடிபட்ட ரெண்டு காரப் பாதிப் பாதியா வெட்டி ஒட்டியிருக்கான். வளைவுல நூறுல திருப்புனா ரெண்டா பிச்சிக்கும்."

சின்னையாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"நல்ல வண்டின்னுதானே கடையில கொடுத்தான்! பத்து வருஷமா என் புள்ளைங்கள இதுலதானே உக்கார வச்சேன்… யாருங்க இப்படிச் செஞ்சது?"

"காசுக்கு உசுர வித்த பாவி எவனோ. அவன் கை வெளங்காமப் போவணும்!"

மாரிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த ஒட்டைக் கடைசி வரை சுரண்டிக்கொண்டே போனார். ஓரத்துக்கு வந்ததும் கத்தி நின்றது. அவசர அவசரமாகக் கார்ப்பெட்டை இழுத்து மூடினார்.

"என்னண்ணே?"

மாரிஸ் கார்ப்பெட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். அந்தக் கையை விலக்கிவிட்டுக் கண்ணப்பன் கார்ப்பெட்டைத் தூக்கிக் குனிந்து பார்த்தான்.

பெயிண்டுக்கு அடியில் இருந்தது, அவன் அம்மா தினமும் குங்குமம் வைக்கும் அதே சின்னச் சிலுவை.